கார் பந்தயத்துக்கு அரசு தரும் பணம் சுற்றுலா வழியாகத் திரும்பி வருகிறதா?

உலகப் புகழ் பெற்ற ஒரு கார் பந்தயத்தைத் தன் மண்ணில் நடத்துவதற்காக ஓர் அரசு ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் செலவிடுகிறது. அதனால் சுற்றுலாப் பயணிகள் பெருகுவார்கள், அவர்கள் செலவழிக்கும் பணம் போட்டதைவிடக் கூடுதலாகத் திரும்பி வரும் என்றும் அது சொல்கிறது. இந்த வாதம் உண்மையா என்பதுதான் கேள்வி. சில இடங்களில் அது ஓரளவு உண்மை. பெரும்பாலான இடங்களில் அரசு சொல்லும் தொகை, உண்மையில் மிஞ்சும் தொகையைவிடப் பல மடங்கு பெரியது. பந்தயத்தால் ஆதாயம் பெறுபவர்களே செலவிலும் கணிசமான பங்கைச் சுமக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறதா என்பதைப் பார்த்தாலே, அந்தத் திட்டம் எந்த வகையைச் சேர்ந்தது என்று பெரும்பாலும் கண்டுகொள்ளலாம் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தகைய பந்தயத்துக்கு அரசின் பணம் எதற்காகத் தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. ஃபார்முலா 1 பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். இதன் வணிக உரிமை 2017 முதல் லிபர்ட்டி மீடியா என்ற அமெரிக்க நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஒரு நகரம் இந்தப் பந்தயத்தை நடத்த விரும்பினால், உள்ளூர் ஏற்பாட்டாளர் அந்த நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் நடத்துரிமைக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்தக் கட்டணம் ஆண்டுக்காண்டு குறிப்பிட்ட விழுக்காடு உயர்ந்துகொண்டே போகும்படி ஒப்பந்தம் எழுதப்படுவது வழக்கம். தொலைக்காட்சி உரிமையின் வருமானம் முழுவதும் உரிமையாளருக்குப் போகிறது. தடத்தைச் சுற்றியுள்ள விளம்பரப் பலகைகளின் வருமானமும், செல்வந்த விருந்தினர்களுக்கான மிக விலையுயர்ந்த இருக்கைகளின் வருமானமும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் உரிமையாளருக்கே சேர்கின்றன. ஏற்பாட்டாளருக்கு மிஞ்சுவது அநேகமாக நுழைவுச்சீட்டு விற்பனை மட்டும்தான். தடம் அமைப்பது, பாதுகாப்புத் தடுப்புகள் நிறுத்துவது, பார்வையாளர் மேடை கட்டுவது, மருத்துவக் குழு, காவல், போக்குவரத்து ஆகிய எல்லாச் செலவும் அவர் தலையில் விழுகிறது. ஃபார்முலா 1-இன் மொத்த வருமானம் இப்போது ஆண்டுக்கு 300 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டிவிட்டது. அதில் ஏறத்தாழ 30 விழுக்காடு இப்படி நகரங்களும் நாடுகளும் கட்டும் நடத்துரிமைக் கட்டணமாக வருவதாகும்.

நுழைவுச்சீட்டை மட்டும் நம்பி இந்தப் பந்தயத்தை நடத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் நல்ல சான்று. 1950-இல் உலகச் சாம்பியன் போட்டியின் முதல் பந்தயம் நடந்த இடம் அது. ரசிகர் கூட்டத்துக்கு அங்கே என்றுமே குறைவிருந்ததில்லை. அரசின் மானியம் இல்லாமல், பந்தய ஓட்டுநர்களின் சங்கம் ஒன்று அதை நடத்துகிறது. 2010-இல் 1.15 கோடி பவுண்டாக இருந்த கட்டணம், ஆண்டுக்கு 5 விழுக்காடு உயரும் விதியால், 2017-இல் 1.62 கோடி பவுண்டாகியது. மைதானம் நிரம்பிய நிலையிலேயே 2015-இல் 28 லட்சம் பவுண்டும் 2016-இல் 48 லட்சம் பவுண்டும் இழப்பு ஏற்பட்டது. ஒப்பந்தத்தில் இருந்த விலகல் விதியைச் சங்கம் 2017-இல் பயன்படுத்தி, பிறகு 2019-இல் புதிய ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டது. கூட்டம் நிரம்பி வழியும் சில்வர்ஸ்டோனுக்கே இந்த நிலை என்றால், பந்தயப் பாரம்பரியமே இல்லாத ஒரு நகரத்தில் நடத்துரிமைக் கட்டணத்தை யார் கட்டுவார்கள்? அரசுதான் கட்டும். இந்தக் கட்டணம் இவ்வளவு உயர்ந்ததற்கு அரசுகளே ஒரு காரணம் என்பதையும் சொல்ல வேண்டும். விற்பவர் ஒருவர், விற்பனைக்கு உள்ளவை ஆண்டுக்கு 24 பந்தயங்கள், வாங்கக் காத்திருப்பவர்களில் பலர் தம் சொந்தப் பணத்தைச் செலவிடாதவர்கள். அத்தகைய ஏலத்தில், பந்தயத்தால் கிடைக்கக்கூடிய நன்மையை மிக அதிகமாக மதிப்பிட்டவரே வெல்கிறார். அவர் மதிப்பீடு பெரும்பாலும் தவறாகவே இருக்கும்.

இனி சுற்றுலாக் கணக்குக்கு வருவோம். பந்தயத்துக்கு ஆதரவாக வெளியிடப்படும் அறிக்கைகள் பொதுவாக இப்படிக் கணக்கிடுகின்றன: மூன்று நாட்களில் இத்தனை லட்சம் பேர் வந்தார்கள், ஒவ்வொருவரும் சராசரியாக இவ்வளவு செலவிட்டார்கள், அந்தச் செலவு பொருளாதாரத்தில் பல கை மாறி இத்தனை மடங்காகப் பெருகியது, ஆகவே பந்தயத்தின் பயன் இத்தனை கோடி. இந்தக் கணக்கின் ஒவ்வொரு படியிலும் ஓட்டை இருக்கிறது. முதலில், வந்தவர்களில் உள்ளூர்க்காரர் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். அவர்கள் பந்தயத்துக்குச் செலவிட்ட பணம், பந்தயம் இல்லாதிருந்தால் அதே ஊரில் வேறு கேளிக்கைக்கோ உணவகத்துக்கோ போயிருக்கும்; அது புதிய பணம் அன்று, இடம் மாறிய பணம். அடுத்து, வெளியிலிருந்து வந்தவர்களிலும் எப்படியும் அந்த நகரத்துக்கு வரவிருந்தவர்கள் உண்டு. பந்தயத்தையொட்டித் தம் பயணத் தேதியை மாற்றிக்கொண்டவர்களும், வேறு வேலையாக வந்த இடத்தில் ஒரு நாள் பந்தயத்தை எட்டிப் பார்த்தவர்களும் உண்டு. இவர்களைப் பந்தயம் கொண்டுவந்த பயணிகளாக எண்ணுவது பிழை.

அறிக்கைகள் அநேகமாகத் தொடாமலே விட்டுவிடும் ஒரு பிரிவு வராமல் போனவர்களுடையது. பந்தய வாரத்தில் ஹோட்டல் அறைகளின் வாடகை இரண்டு மூன்று மடங்காகிறது, சாலைகள் அடைக்கப்படுகின்றன, நகர மையம் முழுவதும் இரைச்சல். வழக்கமாக அந்த வாரத்தில் வந்திருக்கக்கூடிய குடும்பங்களும், மாநாட்டுக்கு வரவிருந்த நிறுவனங்களும் வேறு ஊரைத் தேர்ந்தெடுக்கின்றன. ஹோட்டல்கள் நிரம்பியிருக்கின்றன என்பதை மட்டும் பார்த்தால், பந்தய ரசிகர் வந்து படுத்த அதே அறையில் வேறொருவர் படுத்திருக்க மாட்டாரா என்ற கேள்வி மறைந்துவிடும். பந்தயம் இல்லாவிட்டாலும் முக்கால்வாசி அறைகள் நிரம்பக்கூடிய பருவத்தில் பந்தயத்தை வைத்துக்கொண்டு, அறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன என்று பெருமைப்படுவதில் பொருளில்லை.

கடைசியாக, வந்த பணம் அங்கேயே தங்குகிறதா என்பது. நடத்துரிமைக் கட்டணம் அப்படியே நாட்டை விட்டு வெளியேறுகிறது. பன்னாட்டு ஹோட்டல் சங்கிலிகளின் கூடுதல் லாபமும் பெருமளவு வெளியேறுகிறது. அணிகள் தங்கள் வாகனங்களையும் கருவிகளையும் உணவுக் கூடங்களையும்கூடத் தாங்களே ஏற்றிக்கொண்டு வந்து, பந்தயம் முடிந்த இரவே அடுத்த நாட்டுக்கு ஏற்றிச் சென்றுவிடுகின்றன. பணம் பல மடங்காகப் பெருகும் என்று கணக்கிடுபவர்கள், அதே அரசுப் பணத்தை வேறு பணியில் செலவிட்டிருந்தால் அங்கேயும் அது பெருகியிருக்கும் என்பதையோ, அந்தப் பணத்தை வரியாகத் திரட்டியபோது மக்களின் செலவு அதே அளவு சுருங்கியிருக்கும் என்பதையோ எழுதுவதில்லை.

இந்த வேறுபாடுகள் காகிதத்தில் மட்டும் உள்ளவை அல்ல என்பதை மெல்போர்ன் காட்டியது. ஆஸ்திரேலியாவின் ஃபார்முலா 1 பந்தயமான ஆஸ்திரேலிய கிராண்ட் ப்ரீ 1985 முதல் 1995 வரை அடிலெய்டில் நடந்தது. விக்டோரியா மாநில அரசு அதைத் தன் பக்கம் இழுத்து, 1996 முதல் மெல்போர்னின் ஆல்பர்ட் பூங்காவில் நடத்தி வருகிறது. இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றி, அரசு நிறுவனம் ஒன்றையும் அமைத்தது. பொதுப் பூங்கா ஒன்று ஆண்டில் பல வாரங்கள் கட்டுமானத் தளமாக மாறுவதை எதிர்த்துக் குடியிருப்போர் அன்றிலிருந்தே போராடி வருகிறார்கள். 2005-ஆம் ஆண்டுப் பந்தயத்தால் மாநிலப் பொருளாதாரத்தில் 17.48 கோடி ஆஸ்திரேலிய டாலர் அளவுக்கு உற்பத்தி கூடியது என்று பந்தயத் தரப்பின் மதிப்பீடு சொன்னது. மாநிலத்தின் தணிக்கைத் தலைவர் 2007-இல் அதே பந்தயத்தை மீண்டும் ஆராய்ந்தார். பொருளாதாரம் முழுவதையும் உட்கொள்ளும் மாதிரியைக் கொண்டு கணக்கிட்டபோது அந்த 17.48 கோடி 6.24 கோடியாகச் சுருங்கியது. அதன் பிறகு, செலவையும் நன்மையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது, செலவே 67 லட்சம் டாலர் கூடுதலாக இருந்தது.

இந்த மூன்று எண்களும் ஒரே பந்தயத்தைப் பற்றியவை. முதல் எண்ணிலோ இரண்டாம் எண்ணிலோ பொய் இருக்க வேண்டும் என்பதில்லை. அவை வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன. பொருளாதாரத் தாக்கம் என்பது எவ்வளவு பணம் சுழன்றது என்பதைச் சொல்லும். ஒரு நகரத்தில் நிலநடுக்கம் வந்தாலும் மறுகட்டுமானத்தில் பணம் சுழலத்தான் செய்யும். அதை யாரும் வருமானம் என்று எண்ணுவதில்லை. சமூகம் செலவிட்டதைவிடக் கூடுதலாகப் பெற்றதா என்பதைச் செலவு-நன்மை ஒப்பீடு மட்டுமே சொல்லும். அரசின் செய்திக்குறிப்புகளில் முதல் வகை எண்ணே எப்போதும் இடம் பெறுவதும், இரண்டாம் வகைக் கணக்கைத் தணிக்கைத் துறை தேடிச் சென்று செய்ய வேண்டியிருப்பதும் தற்செயல் அல்ல. தணிக்கை வந்த பிறகும் மெல்போர்னில் எதுவும் நிற்கவில்லை. அரசு தரும் தொகை 2010-களில் ஆண்டுக்கு 5 கோடி டாலரைத் தாண்டி, அதன் பிறகும் வளர்ந்தது. ஒப்பந்தம் 2037 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கூட்டமும் வளர்ந்திருக்கிறது என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும்: நான்கு நாட்களுக்கும் சேர்த்து 2024-இல் 4.5 லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவானதாக ஏற்பாட்டாளர்கள் அறிவித்தார்கள். ஆனால் வருகை என்பது ஆள் கணக்கு அன்று. நான்கு நாளும் வந்த ஒருவர் நான்கு வருகையாகவே எண்ணப்படுகிறார். அவர்களில் பெரும்பகுதியினர் அதே மாநிலத்தவர் என்பதும் சேர்ந்தால், சுற்றுலாக் கணக்கில் இந்த எண் எவ்வளவு சுருங்கும் என்பதை ஊகிக்கலாம்.

சிங்கப்பூர் இதற்கு மாறான உதாரணம். அரசுப் பணம் ஓரளவு அறிவோடு செலவிடப்பட்ட இடம் என்று நான் கருதுவது இதைத்தான். 2008-இல் ஃபார்முலா 1-இன் முதல் இரவுப் பந்தயம் மரீனா விரிகுடாவைச் சுற்றியுள்ள சாலைகளில் நடந்தது. ஐரோப்பியத் தொலைக்காட்சி நேயர்கள் வசதியான நேரத்தில் பார்க்க வேண்டும் என்பதும், கோபுரங்கள் ஒளிரும் நகரக் காட்சி திரையில் இரண்டு மணி நேரம் இடைவிடாமல் ஓட வேண்டும் என்பதும் இரவைத் தேர்ந்ததன் காரணங்கள். தொடக்க ஆண்டுகளில் ஒரு பந்தயத்துக்கு ஏறத்தாழ 15 கோடி சிங்கப்பூர் டாலர் செலவானது. அதில் 60 விழுக்காட்டை அரசு ஏற்றது, எஞ்சியதைத் தனியார் ஏற்பாட்டாளர் ஏற்றார். அரசு தன் பங்கை எப்படித் திரட்டியது என்பதே கவனிக்க வேண்டியது. பந்தய நாட்களில் ஹோட்டல்களின் அறை வருமானத்தின் மீது தனித் தீர்வை ஒன்றை விதித்தது: தடத்தையொட்டி அமைந்த ஹோட்டல்களுக்கு 30 விழுக்காடு, மற்ற ஹோட்டல்களுக்கு 20 விழுக்காடு என்று 2008-இல் அது தொடங்கியது. பந்தயத்தால் வாடகையை மூன்று மடங்காக்க முடிந்தவர், அந்தக் கூடுதல் லாபத்திலிருந்து பந்தயச் செலவுக்குப் பங்கு தர வேண்டும். பந்தயத்தைப் பார்க்காத, அதனால் போக்குவரத்துத் தொல்லையை மட்டும் பெறுகிற குடிமகன் மீது சுமை குறையும். பந்தயத்தால் உண்மையிலேயே ஆதாயம் இருக்கிறதா என்பதற்கு இதைவிடச் சிறந்த சோதனை கிடையாது. சுற்றுலாத் தொழில் பந்தயத்தால் கோடிகளை அள்ளுகிறது என்றால் அது பங்கு தரத் தயங்க வேண்டியதில்லை. தயங்கினால், அந்தக் கோடிகள் அறிக்கையில் மட்டும் இருக்கின்றன என்று பொருள்.

2022-இல் ஒப்பந்தத்தை 2028 வரை நீட்டித்தபோது அரசு தந்த கணக்கு இது: அதுவரை வெளிநாட்டிலிருந்து 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட தனிப்பட்ட பயணிகள் வந்திருக்கிறார்கள். கூடுதல் சுற்றுலா வருமானம் 150 கோடி சிங்கப்பூர் டாலருக்கு மேல். இங்கேயும் சொல்பவர் அரசுதான் என்பதால் ஓரளவு தள்ளுபடி செய்துகொள்ள வேண்டும். ஆனால் இருப்பிடம் காரணமாகச் சிங்கப்பூரின் வாதத்துக்கு வலு உண்டு. நகரமே நாடாக இருப்பதால் வெளியிலிருந்து வருகிறவர் அனைவரும் எல்லையைக் கடந்தே வருகிறார்கள்; பார்வையாளர்களில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினர் வெளிநாட்டவர்; விமான நிலையமும் ஹோட்டல்களும் மாநாட்டு வசதிகளும் ஏற்கெனவே இருந்தன. அந்த வாரத்தில் வணிகச் சந்திப்புகளையும் இசை நிகழ்ச்சிகளையும் சேர்த்து நெய்துவிட்டார்கள். பந்தயம் சுற்றுலாவை அங்கே உருவாக்கவில்லை, உருவாகியிருந்த ஒன்றுக்கு விலையை ஏற்றிக் கொடுத்தது. அப்படிப்பட்ட நாட்டிலும் இந்தப் பணத்தின் அருகாமை ஆபத்தாகவே முடிந்தது: பந்தயத்துக்கான அரசுக் குழுவின் தலைவராக இருந்த முன்னாள் போக்குவரத்து அமைச்சர், அலுவல் தொடர்புடையவர்களிடமிருந்து விலையுயர்ந்த பரிசுகளைப் பெற்ற குற்றத்துக்காக 2024 அக்டோபரில் 12 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அழைப்பிதழ்களும் சிறப்பு இருக்கைகளும் நிறைந்த ஒரு நிகழ்ச்சியின் செலவை முடிவு செய்பவர்களே அதன் விருந்தினர்களாகவும் இருப்பது எல்லா நாடுகளிலும் உள்ள சிக்கல்தான். சிங்கப்பூரில் அது நீதிமன்றம் வரை போனது.

சிங்கப்பூரின் வெற்றி அதன் அண்டை நாட்டுக்கு நட்டமாக முடிந்தது என்பதைச் சுற்றுலாத் துறையினர் அதிகம் பேசுவதில்லை. மலேசியா 1999-இல் கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு அருகே செப்பாங்கில் நிரந்தரத் தடம் அமைத்து, ஆசியாவின் முன்னோடிகளில் ஒன்றாகப் பந்தயத்தை நடத்தத் தொடங்கியது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் சில நூறு கிலோமீட்டர் தொலைவில் ஒளிவெள்ளத்தில் ஓர் இரவுப் பந்தயம் தொடங்கியதும், ஆசியப் பயணத்தில் ஒரு பந்தயத்தை மட்டும் பார்க்கக்கூடிய ரசிகர் எதைத் தேர்ந்தெடுப்பார்? நுழைவுச்சீட்டு விற்பனை சரிந்தது, கட்டணமோ உயர்ந்துகொண்டிருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 30 கோடி ரிங்கிட் செலவாகிறது என்று பேசப்பட்ட நிலையில், ஒப்பந்தம் முடிய ஓராண்டு இருக்கும்போதே 2017 பந்தயத்தோடு நிறுத்திக்கொள்வதாக அரசு அறிவித்தது. அதே தடத்தில் மோட்டோ ஜிபி பைக் பந்தயத்தைத் தொடர்ந்து நடத்துகிறார்கள். அதற்குச் செலவு குறைவு, உள்ளூர் ரசிகர்களும் மிகுதி. என் பார்வையில் அது தோல்வியை ஒப்புக்கொண்ட அரசு அன்று, கணக்குப் பார்க்கத் தெரிந்த அரசு.

தென்கொரியாவின் கதை இன்னும் துயரமானது. நாட்டின் தென்மேற்கு மூலையில் உள்ள தெற்கு ஜொல்லா மாகாணம், தன் பின்தங்கிய கடற்கரைப் பகுதியை வளர்க்கும் நோக்கில் யோங்கம் என்ற இடத்தில் தடம் அமைத்தது. தடத்தைச் சுற்றிப் புதிய நகரமே எழும் என்று வரைபடங்களில் காட்டினார்கள். முதல் பந்தயத்துக்கு இரண்டு வாரங்களுக்கும் குறைவான நாட்களே இருந்தபோதுதான் 2010-இல் தடத்துக்கு இறுதி அனுமதி கிடைத்தது. சியோலிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால், போதிய ஹோட்டல்கள் இல்லாத பகுதிக்கு வெளிநாட்டு ரசிகர் ஏன் வர வேண்டும் என்ற எளிய கேள்விக்கு யாரிடமும் விடை இல்லை. 2016 வரை ஒப்பந்தம் இருந்தும் 2013-இல் நான்காவது பந்தயத்தோடு அது நின்றுபோனது. சுற்றுலா இல்லாத இடத்தில் பந்தயத்தை வைத்தால் சுற்றுலா வளரும் என்ற நம்பிக்கைக்கு யோங்கம் போதுமான விடை என்று நினைக்கிறேன். மூன்று நாள் கூட்டத்தை நம்பி எவரும் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஹோட்டல் கட்டுவதில்லை.

ஐரோப்பாவிலும் இப்படிப்பட்ட கதைகள் உண்டு. ஸ்பெயினின் வலென்சியா நகரத் துறைமுகச் சாலைகளில் 2008 முதல் 2012 வரை ஐந்து பந்தயங்கள் நடந்தன. மக்கள் வரிப்பணத்துக்குச் சுமையே இருக்காது என்று தன்னாட்சிப் பகுதி அரசு வாக்களித்துத் தொடங்கியது அது. ஏற்பாட்டு நிறுவனத்தால் தாக்குப்பிடிக்க முடியாமல் போனதும் செலவும் கடனும் அரசின் மடியிலேயே விழுந்தன; கைவிடப்பட்ட தடத்தின் தடுப்புகள் பல ஆண்டுகள் துருப்பிடித்துக் கிடந்தன. ஜெர்மனியில் ரைன்லாந்து-பலட்டினேட் மாநில அரசு, நூர்பர்க்ரிங் தடத்தில் பந்தய இழப்பை ஈடுகட்ட ஆண்டு முழுவதும் மக்களை ஈர்க்கும் கேளிக்கை வளாகத்தைக் கட்டியது. செலவு ஏறத்தாழ 33 கோடி யூரோ. தனியார் முதலீடு வரும் என்று சொல்லப்பட்டது; வரவில்லை; நிதியமைச்சர் 2009-இல் பதவி விலகினார், பிற்பாடு நம்பிக்கை மோசடி வழக்கில் தண்டனையும் பெற்றார். மாநிலத்துக்குச் சொந்தமான அந்த நிறுவனம் 2012-இல் திவாலானது, 2014-இல் 7.7 கோடி யூரோவுக்கு விற்கப்பட்டது. அங்கே பெரும் விளம்பரத்தோடு அமைக்கப்பட்ட ரோலர் கோஸ்டர் பொதுமக்களுக்காக ஓடியது மொத்தம் நான்கே நாட்கள். ஒரு பந்தயத்தின் இழப்பைச் சரிசெய்ய அதைவிடப் பெரிய திட்டத்தைத் தொடங்குவது, அரசுகள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு.

இவை அனைத்துக்கும் மாறாக, சுற்றுலாவுக்காக அரசே பந்தயம் நடத்துவது நூறாண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருக்கும் இடம் ஒன்றும் உண்டு. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே கடலில் உள்ள மேன் தீவு, மக்கள்தொகை ஏறத்தாழ 84,000. 1903-இல் பிரிட்டன் மணிக்கு 20 மைல் வேக வரம்பை விதித்தது. பொதுச்சாலையில் பந்தயம் நடத்த அங்கே இடமில்லாமல் போனது. தனக்கெனச் சட்டமன்றம் கொண்ட தீவு, தன் சாலைகளை அடைத்துப் பந்தயத்துக்குத் தரலாம் என்று 1904-இல் சட்டம் செய்தது. 1907-இல் தொடங்கிய டி.டி. (டூரிஸ்ட் டிராபி) பைக் பந்தயம், இரண்டு உலகப் போர்களுக்கும் பெருந்தொற்றுக்கும் இடைவெளி விட்டு, இன்றும் நடக்கிறது. இங்கே கணக்கு நேராவதற்குக் காரணங்கள் தெளிவானவை. எந்த வெளி நிறுவனத்துக்கும் நடத்துரிமைக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை, ஏனெனில் பந்தயத்தின் உரிமை தீவு அரசுடையது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள தடம் ஏற்கெனவே இருக்கும் சாலைதான். பார்வையாளர் பெரும்பாலும் கப்பலிலோ விமானத்திலோ வந்தாக வேண்டும். அவர்கள் ஒரு வாரம், இரண்டு வாரம் தங்குகிறார்கள். அறைகள் போதாதபோது தீவுவாசிகளே தங்கள் வீடுகளில் அறை வாடகைக்கு விட அரசு வழிசெய்திருக்கிறது, அதனால் பணம் நேராகக் குடும்பங்களின் கைக்குப் போகிறது. ஆனால் இந்தக் கணக்கின் மறுபக்கத்தை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது: அந்த மலைத்தடத்தில் இதுவரை 250-க்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். அதை எந்தச் செலவுப் பட்டியலில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அரசுகள் கடைசியில் எடுத்துவைக்கும் வாதம் தொலைக்காட்சி. கோடிக்கணக்கான நேயர்கள் நம் நகரத்தைப் பார்க்கிறார்கள், இதே அளவு விளம்பர நேரத்தை விலைக்கு வாங்கினால் இத்தனை கோடி ஆகும், ஆகவே அந்தத் தொகையையும் நன்மைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பார்கள். விளம்பரத்துக்கு ஆகக்கூடிய செலவும் விளம்பரத்தால் வரக்கூடிய வருமானமும் ஒன்றல்ல. நிரந்தரத் தடத்தில் நடக்கும் பந்தயத்தைத் திரையில் பார்ப்பவருக்குத் தெரிவது தார்ச்சாலை, சரளை, தடுப்புச்சுவர். அது எந்த நாடு என்பதே ஓரத்தில் எழுதிக்காட்டினால்தான் தெரியும். மொனாக்கோ, சிங்கப்பூர், அஜர்பைஜானின் பாகு போன்ற நகரச் சாலைப் பந்தயங்களுக்கு மட்டுமே இந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முதல் சில ஆண்டுகளுக்குப் பிறகு அதன் பயனும் தேயும். பதினைந்தாம் முறை அதே பாலத்தைத் திரையில் பார்ப்பவர் அதனால் புதிதாகப் பயணச்சீட்டு எடுக்கப்போவதில்லை. கேமரா அரசு விரும்பியதை மட்டும் காட்டும் என்ற உறுதியும் இல்லை. 2011-இல் மக்கள் எழுச்சியால் பஹ்ரைன் பந்தயம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு போராட்டங்களுக்கு நடுவே அது நடந்தபோது, உலகச் செய்திகளில் கார்களைவிடத் தெருப் போராட்டங்களே அதிகம் இடம் பெற்றன. 2023-இல் லாஸ் வேகாஸில் முதல் பயிற்சி ஓட்டம் எட்டே நிமிடங்களில் நின்றுபோனது. சாலையில் இருந்த ஒரு குழாய் மூடி பெயர்ந்து காரின் அடிப்பகுதியைக் கிழித்த காட்சிதான் அன்று உலகம் முழுவதும் பரவியது.

பணம் கொடுக்கும் முறையில் டெக்சாஸ் மாநிலம் கண்டுபிடித்த ஏற்பாடு ஒன்று கவனிக்கத்தக்கது. ஆஸ்டினில் 2012 முதல் நடக்கும் பந்தயத்துக்கு அரசு முன்பணமாகக் கொடுப்பதில்லை. பந்தயத்தால் விற்பனை வரி, ஹோட்டல் வரி போன்றவற்றில் எவ்வளவு கூடுதலாக வரும் என்று மதிப்பிட்டு, அந்தத் தொகை நிதியம் ஒன்றில் சேர்க்கப்படுகிறது. மாநிலம் தரும் ஒவ்வொரு 6.25 டாலருக்கும் உள்ளூர்த் தரப்பு 1 டாலர் சேர்க்க வேண்டும். ஏற்பாட்டாளர் தன் செலவுக்கு அதிலிருந்து ஈடு பெறுகிறார். தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.5 கோடி டாலராக இருந்த தொகை, கணக்கிடும் முறை மாறியதும் 2015 பந்தயத்துக்கு 1.95 கோடியாகக் குறைந்தது. மாநில விதி கேட்கும், ஆள்கடத்தலைத் தடுக்கும் திட்டத்தைக் குறித்த நாளுக்குள் தாக்கல் செய்யத் தவறியதால் 2018 பந்தயத்துக்கான தொகையே மறுக்கப்பட்டது. விதியை மீறினால் பணம் கிடையாது என்று சொல்லும் துணிவு பாராட்டத்தக்கதே. ஆனால் கூடுதல் வரி எவ்வளவு என்பது இங்கேயும் மதிப்பீடுதான். மதிப்பீட்டில் உள்ளூர்க்காரர் செலவை நீக்கும் கறார் எவ்வளவோ, அவ்வளவுக்கே இந்த முறை நல்லது.

அரசு ஒரு பைசாவும் தராவிட்டால் பந்தயம் நிலைக்குமா என்பதற்கு இருவேறு விடைகள் கண்முன் இருக்கின்றன. நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட், மத்திய அரசின் மானியம் இல்லாமலே 2021-இல் பந்தயத்தை மீட்டது. உள்நாட்டு ஓட்டுநர் உலகச் சாம்பியனாகியதால் இருக்கைகள் நிரம்பின. அப்படியிருந்தும், தனியார் நிறுவனமாக இந்தச் சுமையைத் தொடர்ந்து தாங்க முடியாது என்று 2026 பந்தயத்தோடு விலக முடிவு செய்தார்கள். இந்தியாவில் கிரேட்டர் நொய்டாவின் புத்தா தடத்தைத் தனியார் குழுமம் ஒன்றே கட்டியது. உத்தரப் பிரதேச அரசு அதை விளையாட்டாக அன்றி கேளிக்கையாகக் கருதி வரி கேட்டது, வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன, 2011 முதல் 2013 வரை மூன்று பந்தயங்களோடு அது முடிந்தது. பணம் தர வேண்டாம் என்று முடிவு செய்வது ஓர் அரசின் உரிமை. வரி, சுங்கம், அனுமதி ஆகியவற்றில் முன்கூட்டியே தெளிவு தருவதற்குப் பணம் தேவையில்லை.

ஆகவே உங்கள் அரசோ வேறு எந்த அரசோ இத்தகைய திட்டத்தை அறிவிக்கும்போது, எத்தனை லட்சம் பேர் வருவார்கள் என்ற எண்ணை ஒதுக்கிவிட்டு, ஒப்பந்தத்தைக் கேளுங்கள். நடத்துரிமைக் கட்டணம் எவ்வளவு, அது ஆண்டுக்கு எவ்வளவு உயர்கிறது, இழப்பு வந்தால் யார் தாங்குகிறார், விலகினால் எவ்வளவு தண்டம் என்ற நான்கும் அதில் இருக்கும். பெரும்பாலான இடங்களில் வணிக ரகசியம் என்று சொல்லி இதை மறைக்கிறார்கள். மெல்போர்னில்கூட நடத்துரிமைக் கட்டணம் எவ்வளவு என்பதை அரசு வெளியிடுவதில்லை. வாங்குபவர் செலுத்துவது பொதுப்பணமாக இருக்கும்போது ரகசியத்தால் பயன் பெறுபவர் விற்பவர் மட்டுமே, ஏனெனில் அடுத்த நகரத்திடம் என்ன விலை கேட்கலாம் என்பது அவருக்குத் தெரியும், அந்த நகரத்துக்குத் தெரியாது. ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் போனால், நடுவில் ஒருமுறையாவது தணிக்கைத் துறையின் செலவு-நன்மை ஒப்பீட்டுக்குப் பிறகே தொடரும் என்ற விதி அதில் இருக்க வேண்டும். சில்வர்ஸ்டோன் 2017-இல் தப்பித்தது அத்தகைய ஒரு விலகல் விதியால்தான். ஓட்டுநர் சங்கம் ஒன்று தன் சொந்தப் பணத்துக்காக அதை எழுதி வாங்கியிருக்கும்போது, பல மடங்கு பெரிய தொகையைக் கையாளும் அரசுகள் அதைக் கேட்டுப் பெறாமல் கையெழுத்திடுவதற்குக் காரணமே இல்லை.